ஐப்பசியில் ஒரு துண்டு

அன்புள்ள அக்கா,

ரொறன்ரோவில் இருக்கிறேன். மூன்று வருசமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பழைய துணிகளை வெட்டிப் பொருத்தி ஒரு சின்னப் போர்வை தைக்கிறேன். மேப்பிள் இலைகளைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அவித்து அச்செடுப்பேன். சிவப்பு நிற்பதேயில்லை, கபிலமாகிவிடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது வெள்ளைக்காரரின்ர வேலை. தைக்கிறதெண்டால் பனையைத் தை, நல்லூர்க் கோபுரத்தைத் தை" என்கிறா. அவ சொல்வது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மேப்பிளையே தையுங்கள்.

சாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலையைச் சிவப்பாக்கும் அந்தோசயனின் துணியில் தங்காது. தங்குவது இலையின் துவர்ப்பு, தனின். படிகாரத்தில் ஊறவைத்த துணியில் அது கபிலமாக நிற்கும். துருப்பிடித்த ஆணி போட்டுவைத்த தண்ணீரில் தோய்த்தால் சாம்பலும் கறுப்பும் வரும். எங்கள் வளவு வாதுமை இலையிலும் எனக்கு இதுதான் நடந்தது. நிலைக்கும் சிவப்பு வேண்டுமென்றால் சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டுவதற்கென்றே ஒரு சாதியாரைக் கட்டாய ஊழியத்தில் வைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பைப் புகழும்போது அந்தக் கைகளைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

எங்களுக்கு இலையுதிர் காலம் இல்லை. அங்கே இலை கொட்டி முடிகிற ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மாரி. காலபோக நெல் முளைத்து வயலெல்லாம் பச்சை, வேலியில் கார்த்திகைப்பூ. கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் சாய வேலையை வெயிலுக்குள் முடித்துவிட்டு, மழைக்கு ஊசியோடு இருப்பேன்.

ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு சாண் துண்டுதான். அடித்துணி என் அம்மாவின் நூல்சேலை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நகர்ந்த சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். தம்பிக்கு ஏணை கட்டவென்று அம்மா எடுத்துவந்த சேலை அது. அந்த இரவை நான் அதில் படமாகத் தைத்ததே இல்லை. முற்றத்தில் வெள்ளம் வடிகிற கோடுகளைத்தான் தைப்பேன், நேராக ஓடும் வெறுந்தையலில். ஒரு கோடு முடிவதற்குள் சிலவேளை அழுகை வரும். சிலவேளை, போன இடத்தில் யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா தேத்தண்ணி ஆற்றிய சத்தம் வரும். இன்றைக்கு எது வரவேண்டும் என்று முதலே தீர்மானித்துக்கொண்டு நான் ஊசி கோப்பதில்லை. கோபுரத்தைத் தைக்கச் சொல்லும்போது உங்கள் அம்மா தீர்மானித்துத் தருகிறா. அதுதான் எனக்குத் தயக்கம்.

பனையும் கோபுரமும் அவவின் கண்ணுக்குள் நிற்பவை. அவவே தைக்கட்டும், பக்கத்தில் இருத்துங்கள். உங்கள் கை மூன்று வருசமாகப் பொறுக்கியது மேப்பிள் இலை.

அவவிடம் ஒரு பழைய சேலை கேளுங்கள். எப்போது வாங்கியது, எங்கே உடுத்தது என்று வெட்டுவதற்கு முன் கேட்டு எழுதிவையுங்கள். நூல்சேலையாகப் பாருங்கள், பொலியெஸ்டரில் இலை பிடிக்காது.