செய்தியில் ‘சரிபார்த்தல்’ என்றால் என்ன, அது ஏன் கட்டாயம்?

காதில் விழுந்ததை அப்படியே அச்சில் ஏற்றாமல், நேரில் பார்த்தோ விவரம் தெரிந்தவரிடம் கேட்டோ உறுதி செய்வதுதான் சரிபார்த்தல். குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்பதும் இதில் சேரும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அந்த மாதிரி ராத்திரியில் ‘பாபநாசம் அணை உடைஞ்சிட்டு’ என்று ஒரு பொய் கிளம்பினால், சனம் பிள்ளைகளோடு இருட்டில் தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடும். மறுநாள் போடும் திருத்தம் யாருக்கு உதவும்?

உடன்குடிக் கருப்பட்டி என்று கடைக்காரர் சொன்னதும் வாங்கிவிடுவோமா? சீனி கலந்திருக்கிறதா என்று உடைத்து, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்போம். (எங்கள் ஆச்சி மோந்தே சொல்லிவிடுவாள்.) நிருபர் வேலையும் அதுதான்.

அப்புறம், இரு தரப்புப் பேச்சையும் சரிபாதியாகப் போட்டால் நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் அணை உடைந்தது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்றால், அணைப் பொறியாளரைப் பிடித்துக் கேட்டு எது உண்மை என்று எழுத வேண்டும்.