படுக்கையறையில் இருந்தபடியே ஹால் லைட், ஃபேன், தண்ணீர் மோட்டாரை இயக்க என்ன வழி?

வீடு கட்டி முடித்தாயிற்று, சுவரை உடைக்க முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி லைட்டை அணைக்க ஹால் வரை நடக்கச் சிரமம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

ஸ்மார்ட் பல்பு வேண்டாம். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். ஆனால் பழக்கதோஷத்தில் யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே போகாது. அப்புறம் மொபைலை எவ்வளவு தட்டினாலும் எரியாது. வீட்டுக்கு வருகிற அத்தை, சித்தப்பாவுக்கெல்லாம் "ஸ்விட்சைத் தொடாதீங்க" என்று பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியுமா? ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் ரிலே மாட்யூல்தான் சரி, அதாவது ரிமோட் சொன்னபடி தானே ஆன், ஆஃப் ஆகும் குட்டி ஸ்விட்ச். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழைய ஸ்விட்சும் வேலை செய்யும், ரிமோட்டும் வேலை செய்யும்.

அதை வாங்கும் முன் போர்டைக் கழற்றி, உள்ளே நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வயரிங்கில் ஸ்விட்சுக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர் மட்டும்தான் வரும். நியூட்ரல் நேரே லைட்டுக்குப் போய்விடும். மாட்யூலுக்கோ இரண்டும் வேண்டும். நல்லவேளையாக, ஹால் போர்டில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். அதற்கு வந்த நியூட்ரலையே எடுத்துக்கொள்ளலாம். மாடிப்படியில் தனியாக இருக்கும் ஒற்றை ஸ்விட்சில்தான் சிக்கல். நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாடல்களும் உண்டு. ஆனால் அவற்றில் லேசாகக் கரண்ட் கசிந்து, சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு ஆப் எல்லாம் வேண்டாம். 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டோடு வரும் மாட்யூல் வாங்குங்கள். வைஃபையும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். சுவரைத் தாண்டி வேலை செய்யும். டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் வகை என்றால் அடுத்த அறைக்குப் போகாது, பார்த்து வாங்குங்கள். மொபைலிலும் இயக்க ஆசை என்றால் வைஃபை வகை. அதில் பெரும்பாலானவை ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அதுவும் படுத்துவிடும்.

ஃபேனுக்கு இந்த ரிலே ஆன், ஆஃப் மட்டும்தான் செய்யும். வேகத்தையும் மாற்ற வேண்டுமென்றால் ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேனே (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்தது) மாட்டிவிடலாம்; பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். அந்த ரிமோட்டும் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயத்தில்தான் கவனம் தேவை. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தானே, 10 ஆம்பியர் ரிலே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும். அப்போது எழும் தீப்பொறியில் ரிலேக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நீங்கள் ஆஃப் கொடுத்தாலும் மோட்டார் நிற்காது. டேங்க் வழியும், சம்ப் வற்றினால் மோட்டாரும் போய்விடும். நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் காந்த ஸ்விட்ச்) போடுங்கள்: ரிலே அதன் காந்தக் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டார் சுமையைக் கான்டாக்டர் தாங்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ஆஃப் நிலையிலேயே நிற்கும்படி செட்டிங்கை மாற்றவும் மறக்காதீர்கள். பச்சை, சிவப்பு பட்டன் வைத்த போர்வெல் பேனல் என்றால் இது ஒத்துவராது. அதற்கு விவசாயிகள் தோட்டத்தில் வைத்திருக்கும் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்தான் சரி.

அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு இரண்டையும் எந்த ரிமோட்டிலும் கோர்க்காதீர்கள். கீசர் பரவாயில்லை, தண்ணீர் சூடானதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் அதில் இருக்கிறது. 2,000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் தாராளமாகப் போடலாம்.