அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ் 2023 சீசனில் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கே போகவில்லை. பிறகு ஏன் அந்த சீசனை இப்படிக் கொண்டாடுகிறார்கள்? கடைசித் தோல்விக்கு கோச்தான் காரணமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அதாவது, எல்லோரும் சொல்கிற காரணத்துக்காக இல்லை. நான் மிச்சிகனில் கார் தொழிலை நம்பிப் பிழைக்கிற தமிழர்களில் ஒருவன், இந்த அணி தோற்றால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது, அதனால் என்னிடம் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

கொண்டாட்டம் புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய அவலம் தெரிய வேண்டும். லயன்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1957-ல், சூப்பர் பவுல் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு 2023 சீசன் வரை, சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லாஸை. 2008-ல் ஆடிய 16-லும் தோற்றார்கள். பேரி சாண்டர்ஸ் மாதிரி ஒரு மகா ஆட்டக்காரர் இன்னும் சில வருஷம் தாராளமாக ஆடக்கூடிய நிலையில் 1999-ல் போதும் என்று ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொரு நட்சத்திரமான கால்வின் ஜான்சனும் பின்னாளில் அப்படியே. பொங்கலுக்கு டிவியில் பட்டிமன்றம் போடுகிற மாதிரி, வருஷாவருஷம் தேங்க்ஸ்கிவிங் அன்று லயன்ஸ் ஆட்டம் கட்டாயம் உண்டு, 1934-ல் ஆரம்பித்த வழக்கம். நாடே வான்கோழி தின்றுகொண்டே இவர்கள் தோற்பதைப் பார்க்கும். (2023-லும் அன்று கிரீன் பேவிடம் தோற்றார்கள், அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை.)

2021-ல் டான் கேம்ப்பெல் கோச்சாக வந்தார். முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே, எங்களைக் கீழே தள்ளினால் எழுந்து வரும்போது உங்கள் முழங்காலைக் கடித்துவிட்டுத்தான் எழுவோம் என்கிற மாதிரி பேசியதில் ஊரே சிரித்தது. அந்த வருஷம் ஜெயித்தது மூன்றே ஆட்டம். அடுத்த வருஷம் முதல் ஏழில் ஒன்று ஜெயித்து, பிறகு எப்படியோ 9-8 என்று முடித்தார்கள். அதே 2021-ல்தான் 12 வருஷம் ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ராம்ஸ் வேண்டாம் என்று கைகழுவிய ஜேரட் காஃபையும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார்கள். போன வேகத்தில் ஸ்டாஃபர்ட் அங்கே சூப்பர் பவுலே ஜெயித்துவிட்டார். எங்கள் வயிற்றெரிச்சலை யோசித்துப் பாருங்கள்.

சரி, 2023-க்கு வருவோம். முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் கேன்சஸ் சிட்டியோடு, அவர்கள் மைதானத்தில். இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியவில்லை என்றால் பெரும்பாலான கோச்சுகள் நான்காவதில் வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள். கோல் கம்பம் பக்கத்தில் இருந்தால் உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள், தூரமாக இருந்தால் பந்தை எதிராளி பக்கம் உதைத்துத் தள்ளிவிடுவார்கள். நான்காவதையும் ஆடிப் பார்த்துத் தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். கேம்ப்பெல் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே, தன் எல்லையிலிருந்து 17 யார்டு தூரத்தில், உதைக்கப் போகிற மாதிரி பாவலா காட்டி ஓடவிட்டார். தவறியிருந்தால் சாம்பியனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். பலித்தது, அது டச்டவுனில் (பந்தோடு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தொட்டால் கிடைக்கும் 6 புள்ளி) போய் முடிந்தது, ஆட்டத்தை 21-20 என்று ஜெயித்தார்கள். ஒரே ஒரு புள்ளி.

நவம்பரில் சார்ஜர்ஸோடு 38-38 சமநிலை, இரண்டு நிமிஷம்கூட மிச்சமில்லை, நான்காம் டவுன், இரண்டு யார்டு தேவை, கம்பம் உதைக்கிற தூரம்தான். வேறு யாராக இருந்தாலும் உதைத்து 3 புள்ளி எடுத்திருப்பார்கள். இவர் எடுக்கவில்லை. எதிராளியின் குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து திரும்பவும் போகவே கூடாது என்பது கணக்கு. முதல் வருஷப் பையன் சாம் லபோர்ட்டா பந்தைப் பிடித்தான், நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி நொடியில் உதைத்து 41-38. அன்று எல்லாரும் கேம்ப்பெல்லை மேதை என்றார்கள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 24 அன்று மினசோட்டாவில் ஜெயித்து டிவிஷன் (லயன்ஸ் இருக்கும் நான்கு அணிப் பிரிவு) பட்டம், 1993-க்குப் பிறகு முதல்முறை. அடுத்த வாரம் டல்லாஸில் நடந்ததைப் பற்றிப் பேசினால் இன்னும் சிலருக்கு முகம் சிவக்கும். 23 நொடி இருக்கையில் டச்டவுன் போட்டு 20-19. டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன், இவர் உதைக்காமல் ஆடி இரண்டு புள்ளிக்குப் போனார். டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தும்விட்டார், ஆனால் பந்து பிடிக்கத் தகுதியானவராகத் தன்னைப் பதிவு செய்யவில்லை என்று நடுவர் செல்லாது என்றுவிட்டார். மறுபடி ஆடி, மறுபடி ஆடி, கடைசியில் தோல்வி. சீசன் கணக்கு 12 வெற்றி, 5 தோல்வி.

2024 ஜனவரி 14. சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் பிளேஆஃப் ஆட்டம், எதிரில் யார் என்றால் அதே ராம்ஸ், அதே ஸ்டாஃபர்ட். கூட்டம் ஸ்டாஃபர்டைக் கூச்சலிட்டு விரட்டியது, காஃப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. 24-23 என்று ஜெயித்தோம், 32 வருஷத்துக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. பலர் கவனிக்காத ஒரு விஷயம்: ராம்ஸ் மூன்று முறை எங்கள் எல்லைக்கு வெகு அருகே வந்து மூன்று முறையும் டச்டவுன் முடியாமல் உதைத்து 3 புள்ளியோடு திரும்பினார்கள், தோற்றது ஒரு புள்ளியில். அதற்காக அவர்கள் கோச்சை யாரும் ஊர்கூடித் திட்டவில்லை. பத்திரமாக ஆடித் தோற்றால் விதி, துணிந்து ஆடித் தோற்றால் முட்டாள்தனம், அவ்வளவுதான் கேம்ப்பெல்லைத் திட்டுகிறவர்கள் நியாயம்.

அடுத்து டாம்பா பேயை 31-23 என்று அடித்துவிட்டு, ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவுடன் அரையிறுதி மாதிரியான ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பவுல். பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. மூன்றாம் கால்பகுதியில் 24-10 ஆனபோது நான்காம் டவுனில் உதைக்காமல் ஆடினார், எங்கள் ஜோஷ் ரெனால்ட்ஸ் கையில் விழுந்த பந்தை நழுவவிட்டார். பிறகு எங்கள் ஆட்டக்காரர் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்த பந்து எதிரணியின் பிராண்டன் ஐயூக் கையில் போய் உட்கார்ந்தது, 51 யார்டு. அதற்கு என்ன சொல்வது? உடனே பந்தோடு ஓடுகிற எங்கள் ஆட்டக்காரர் கிப்ஸ் பந்தைத் தவறவிட, 24-24. கடைசிக் கால்பகுதியில் 27-24 பின்தங்கியிருக்கும்போது மறுபடி உதைக்காமல் ஆடி மறுபடி தவறியது. 34-31 தோல்வி.

இந்த இரண்டு நான்காம் டவுன்களைத்தான் இன்றுவரை டிவியில் அலசுகிறார்கள். முதலாவதில் திட்டம் சரியாகத்தான் இருந்தது, பந்து கைக்கு வந்தது, பிடித்திருக்க வேண்டும். இரண்டாவதில் உதைத்துச் சமன் செய்திருக்கலாம் என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் சார்ஜர்ஸ் ஆட்டத்தில் கைதட்டியவர்கள் இதற்குத் திட்டக் கூடாது.

நான் கேம்ப்பெல்லைத் திட்டுவது வேறொன்றுக்கு. 34-24 என்று பின்தங்கி இருக்கையில், கடைசி நிமிஷங்களில், எல்லைக்கோட்டிலிருந்து ஒரு யார்டில் மூன்றாம் டவுனில் எங்கள் இன்னொரு ஓட்டக்காரர் மாண்ட்கமரியை ஓடவிட்டார். அவரைப் பின்னாலேயே அமுக்கிவிட்டார்கள். கடிகாரம் ஓடியது, நிறுத்த ஒரு டைம்அவுட் போனது. அடுத்து டச்டவுன் வந்தும் 56 நொடிதான் பாக்கி, டைம்அவுட்டோ இரண்டுதான், பந்தை எதிராளியிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லாமல் போனது. அங்கே பந்தை எறிந்திருந்தால், பிடிபடாவிட்டால்கூடக் கடிகாரம் தானாக நின்றிருக்கும், மூன்றாவது டைம்அவுட் கையில் இருந்திருக்கும். துணிச்சலால் வந்த தவறு இல்லை இது, சாதாரண நேரக் கணக்கில் வந்த தவறு. இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, பேச சுவாரஸ்யமாக இல்லை போலிருக்கிறது.

அப்புறம், அந்த வருஷ சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோவை ஜெயித்தது யார்? நாங்கள் முதல் ஆட்டத்தில் தோற்கடித்த கேன்சஸ் சிட்டி. ஆபீஸில் யாராவது இதை ஆரம்பித்தால் மீட்டிங் அரைமணி நேரம் தள்ளிப்போகும்.

அடுத்த சீசனில் 15-2 என்று இன்னும் பிரமாதமாக ஆடி, பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றார்கள். எண்ணிக்கையில் அதுதான் பெரிய சீசன், ஆனாலும் இங்கே யாரைக் கேட்டாலும் 2023-ஐத்தான் சொல்வார்கள். ராம்ஸ் ஆட்டத்தின் முழு வீடியோ கிடைத்தால் பாருங்கள், விதிகள் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை.