கம்போங் கோழி வாங்கினால் போதுமா?

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் கோழி. பெரிய பண்ணைகளில் அடைத்து வளர்க்கிற கோழி வேண்டாம் என்று மகள் அடம் பிடிக்கிறாள். தேக்கா சந்தையில் கம்போங் கோழி வாங்கினால் போதுமா? பிரேசில் ஃப்ரோசன் கோழியை விட்டு ஆட்டுக்கறிக்கு மாறலாமா?"

கம்போங் கோழி பாதி பதில். ஆட்டுக்கறி பதிலே இல்லை.

'கம்போங்' என்றால் மலாய் மொழியில் கிராமம். ஆனால் கடையில் அந்தப் பெயர் பெரும்பாலும் கோழியின் இனத்தைக் குறிக்கும்; முற்றத்தில் மேய்ந்தது என்று அர்த்தமில்லை. ஆனாலும் அந்த இனம் மெதுவாக வளரும். பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடும். உடம்பு பெருக்கிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் உட்கார்ந்தே கிடப்பவை உண்டு. எனவே "எத்தனை நாள் கோழி, பாய்?" என்று கேளுங்கள். 'ஹார்மோன் இல்லை' என்ற லேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கோழிக்கு ஹார்மோன் கொடுக்க இங்கே அனுமதியே கிடையாது. 'ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தது' என்பதில் விஷயம் இருக்கிறது. நெரிசலான பண்ணையில் மருந்து தாராளமாகப் புழங்கினால், அதற்கு அடங்காத கிருமிகள் அங்கேயே உருவாகும். கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினைப் பண்ணைகளில் பயன்படுத்த மலேசியா 2019-இல் தடை போட்டதே இதனால்தான்.

நீங்கள் பொங்கோல்வாசி என்பதால் இன்னொன்று. உங்கள் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்தன. கழிவு, நாற்றம், நிலப் பற்றாக்குறை என்று 1984-இல் அரசு அவற்றை மூட முடிவெடுத்தது. பண்ணைகள் போயின, பன்றிக்கறி போகவில்லை. வெளியூரில் வளர்ந்து வந்தது. 1998-99-இல் மலேசியப் பண்ணைகளில் நிப்பா வைரஸ் பரவியது. கொட்டிலை ஒட்டிப் பழமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றதில் தொடங்கியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆயிரக்கணக்கில் ஒன்றாக அடைத்திருந்தால் அப்புறம் கேட்கவா வேண்டும்? அங்கே நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. இங்கே இறைச்சிக்கூடத்தில் வேலை செய்த 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். பன்றி வளர்த்த கழிவு நமக்கு வரவில்லை, நோய் மட்டும் வந்தது.

பிரேசில் தூரம்தான், ஆனால் கப்பல் புகை சின்னக் கணக்கு. பெரிய கணக்கு தீவனம். உலகச் சோயாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகிறது. பிரேசிலில் அதற்காகக் காடும் செராடோ என்ற சவன்னா புல்வெளியும் அழிந்திருக்கின்றன. மலேசியக் கோழி தின்பதும் இறக்குமதிச் சோயாவும் சோளமும்தான். ஆக, பிரேசிலை விட்டு மலேசியாவின் ஜொகூருக்கு மாறுவதால் சுற்றுச்சூழல் பாதிப்பு பெரிதாக ஒன்றும் குறையாது.

ஆஸ்திரேலிய ஆடு புல்வெளியில் மேய்கிறது, அதன் பாடு கோழியைவிடத் தேவலை. ஆனால் அது அசைபோடும் பிராணி; விடுகிற மீத்தேனைச் சேர்த்தால், கிலோவுக்குக் கிலோ கோழியைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு.

சரி, என்ன செய்யலாம்? நான்கு நாளை இரண்டாக்குங்கள். அந்த இரண்டு நாளும் மெதுவாக வளர்ந்த கோழி வாங்குங்கள். விலை கூடினாலும் மாதச் செலவு அவ்வளவாக ஏறாது. மற்ற நாளில் மொச்சைக் குழம்பு, டெம்பே (புளிக்கவைத்த சோயா) வறுவல்.

முட்டையை மறந்துவிடாதீர்கள். வழக்கமான கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவுதான். பெட்டியில் 'கேஜ் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். கறியைவிட முட்டையில்தான் லேபிள் கொஞ்சம் தெளிவாகப் பேசும். மகளையே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.