கோழிக்கூட்டுக்குள் வெங்கிணாந்தி: பிள்ளைக்கு ஆபத்தா?

தெல்லிப்பழைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: பல வருடம் பற்றையாகக் கிடந்த பின்வளவை இப்போதுதான் துப்புரவாக்கினார்களாம். போன கிழமை விடியக் கோழிக்கூட்டைத் திறந்தால், ஒன்பதடி வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, இரண்டு கோழியை விழுங்கிவிட்டுக் கிடந்ததாம். ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. இந்தோனேசியாவில் ஆளையே விழுங்கிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து நித்திரையில்லை. இன்னொன்று வந்தால் அடித்துவிடவா?"

அந்த வீடியோ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2017இல் சுலாவெசித் தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போன 25 வயது இளைஞரை ஏழு மீற்றர் மலைப்பாம்பு விழுங்கியது உண்மைதான். 2018இலும் 2022இலும் இந்தோனேசியாவில் பெண்கள் அப்படி இறந்திருக்கிறார்கள். ஆனால் அது உடம்பில் வலைக்கோலம் போட்ட வேறு இனம், இலங்கையில் கிடையாது. நம்முடையது பெரும்பாலும் பத்தடிக்குள் நிற்கும், பதினைந்து அடி என்றால் அபூர்வம். வளர்ந்த ஆளின் தோள் அகலம் அதன் வாய்க்குள் அடங்காது.

சின்னப் பிள்ளை விஷயத்தில் அப்படித் தைரியம் சொல்ல மாட்டேன். 2009இல் அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்த்த பர்மிய மலைப்பாம்பு ஒன்று இரவில் அடைப்பிலிருந்து வெளியேறி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை நெரித்துக் கொன்றது. அதன் நீளம் எட்டரை அடிதான், அதுவும் நம் பாம்பின் நெருங்கிய சொந்தம். நெரிப்பது என்றால் எலும்பை நொறுக்குவது என்று நினைக்கிறோம், அப்படியில்லை, இறுக்கத்தில் இரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளையை இரவில் திண்ணையில் பாய் போட்டுப் படுக்க விடவேண்டாம், இருட்டியபின் கோழிக்கூட்டுப் பக்கம் தனியே அனுப்பவும் வேண்டாம்.

சரி, எனக்கு உண்மையில் பயமான இடம் வேறு. மலைப்பாம்புக் குட்டியும் கண்ணாடி விரியனும், அதாவது நாம் புடையன் என்கிறோமே அதுவும், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். "விஷமில்லாத வெங்கிணாந்திக் குட்டிதானே" என்று உரப்பைக்குள் போடப் போய்ப் புடையனிடம் கடி வாங்கினால் நிலைமை தலைகீழ். புடையனின் முதுகில் முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்ததுபோல ஒழுங்காக ஓடும், கிட்டப் போனால் குக்கர்போலச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணல்மாணலாக இருக்கும். சந்தேகம் வந்தால் புடையன் என்றே எடுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

வெங்கிணாந்தி வந்தால் அடிக்க வேண்டாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பாம்பு. பத்தடி தள்ளி நின்று ஓராள் கண் வைத்திருக்க, மற்றவர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கட்டும். இரை தின்றது அவ்வளவு வேகமாக ஓடாது, சீண்டினால் கோழியைக் கக்கிவிட்டுத்தான் ஓடப் பார்க்கும். தப்பித்தவறிக் கடித்தால் விஷமில்லை, ஆனால் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். சுற்றிக்கொண்டால் வால் பக்கமிருந்து இரண்டு பேராகப் பிரிக்க வேண்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போய், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் கேளுங்கள்.

கூட்டுக்கு அரை அங்குலக் கண் கம்பிவலை அடியுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. அப்புறம், துப்புரவாக்கியபோது வெட்டிய பற்றையை வேலி மூலையில் குவித்திருப்பீர்கள், நம் வீடுகளில் அதுதான் வழக்கம். எலியும் பாம்பும் குடியிருக்க அதைவிட நல்ல இடமில்லை. இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடுங்கள், ஆனால் கையை விட்டு அள்ளாமல், முதலில் நீட்டுத் தடியால் கிளறிவிட்டு.