பதில்: விலையே இல்லாத பழைய மெனு

1900 வாக்கில் நியூயார்க் ஹோட்டலில் சாப்பாடு என்ன விலை என்று கதைக்காகத் தேடினால், கிடைக்கிற மெனுவிலெல்லாம் விலையே இல்லை என்கிறீர்கள். அது ஸ்கேன் கோளாறு இல்லை. 1900 முதல் நியூயார்க் பொது நூலகத்துக்கு மெனு சேர்த்துக் கொடுத்த பட்டால்ஃப் அம்மையார், விருந்துகளில் வைத்த மெனு அட்டைகளையும் நிறையச் சேர்த்தார். விருந்தாளிக்கு விலை எதற்கு? அப்புறம், அன்றைக்குப் பல ஹோட்டல்களில் அறை வாடகையிலேயே சாப்பாடும் அடக்கம்; 'அமெரிக்கன் பிளான்' என்பார்கள்.

அந்த நூலகத் தொகுப்பில் 'லஞ்ச்', 'ஆ லா கார்ட்' (ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை) என்று போட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே பண்டத்துக்கு எதிரே 40, 75 என்று இரண்டு எண் நின்றால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் முதலாவது அரைப் பங்கின் விலை, அடுத்தது முழுப் பங்கின் விலை. இரண்டும் சென்ட் கணக்கு. கதையில் டாலர் என்று எழுதிவிடாதீர்கள், ஒரு தட்டு சிப்பி உணவே சொத்து விலைக்குப் போய்விடும்!