இரண்டு பட்டியல்கள்

கேள்வி: எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கவிருக்கின்றன. ஆண், பெண் பெயர்களுக்கு இரண்டு பட்டியல்கள் போட்டு வைத்தோம். அதைப் பார்த்த என் நாத்தனார், "ஆண் பெயரெல்லாம் வெற்றி, அறிவு, ஆட்சி. பெண் பெயரெல்லாம் பூ, நிலா, மென்மை. நல்ல நியாயம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. கணவரோ, "கூப்பிடத்தானே பெயர், இதில் என்ன ஆராய்ச்சி?" என்கிறார். பட்டியலை மாற்ற வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெயரைப் பற்றிக் கேட்டுவிட்டு உங்கள் பெயரை மறைத்துவிட்டீர்கள். போகட்டும். உங்கள் நாத்தனாருக்குக் கூர்மையான கண்.

கூப்பிட மட்டும்தான் என்றால் எண்ணே போதுமே. பழைய ரோமில் மகள்களுக்கு ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கினால் முடிந்தது வேலை. ஜூலியஸ் சீசரின் சகோதரிகள் இருவருமே ஜூலியா. மூத்தவள், இளையவள் என்றுதான் பிரித்துச் சொல்ல வேண்டும். அத்தையும் ஜூலியா, மகளும் ஜூலியா. மகன்களுக்கோ குலப்பெயருக்கு முன்னால் தனியாக ஒரு பெயர் உண்டு. அந்தத் தந்தையர் மகள்களை வெறுத்தவர்கள் அல்லர். வழக்கம் அப்படி; யாருக்கும் அது உறைக்கவில்லை.

யோசித்துப் பெயர் வைத்தவர்களும் தப்பவில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், பிள்ளைகளிடம் எதிர்பார்த்த குணத்தையே பெயராகச் சூட்டியவர்கள். 1639இல் மாசசூசெட்ஸில் பிறந்து பாதிரியாரான ஒருவரின் பெயர் இன்கிரீஸ் மேதர். இன்கிரீஸ் என்றால் பெருக்கம். அதே சமூகத்தில் பெண்களுக்கு வைத்த பெயர்களில் ஒன்று சைலன்ஸ், அதாவது மௌனம். மகன் பெருகட்டும், மகள் வாயைத் திறக்காமல் இருக்கட்டும்!

அதற்காகப் பூவையும் நிலாவையும் அடித்துவிடாதீர்கள், அவை அழகான பெயர்கள். இரண்டு பட்டியல்களையும் கலந்து ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு பெயரின் பொருளையும் மட்டும் எழுதி, "இதை மற்றக் குழந்தைக்கும் விரும்புவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு அறிவு வேண்டாமா? மகனுக்கு மென்மை ஆகாதா? பயந்த சுபாவமுள்ள பையன் ஒருவன் வெற்றிவீரன் பெயரோடு வகுப்பில் எழுந்து நிற்பது லேசான காரியம் அல்ல.

கணவருக்கு ஒரு சோதனை வையுங்கள். நிலாவைக் குறிக்கும் பெயர் ஒன்றை மகனுக்குச் சொல்லிப் பாருங்கள். கூப்பிடத்தானே என்று தலையாட்டினால் வாதத்தில் அவர் ஜெயித்துவிட்டார். முகம் சுளித்தால், ஏன் என்று அவரையே கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து உங்கள் பேச்சைத் தொடங்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இரட்டையர் என்பதற்காக ஒரே ஓசையில் இரண்டு பெயர்களை வைத்துவிடாதீர்கள். ஒருவரைக் கூப்பிட்டால் இருவரும் திரும்புவார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் ஒருவரின் மதிப்பெண் மற்றவருக்குப் போய்ச் சேரும்.